பதிவறையில் நம் பாத்தியதை

சர்க்கார் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், கோரியது கிடைத்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு, அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது நம்மவர் வழக்கம். அக்கடிதத்தின் தலைப்பில், எண்ணுக்கு முன்னால், இரண்டு எழுத்துகள் உண்டு. அவற்றைக் கவனிப்பார் மிகச் சிலர். கடிதம் பிறந்த கோப்பு இன்னும் எத்தனை ஆண்டுக் காலம் உலகில் இருக்கப்போகிறது என்னும் செய்தி அவ்விரண்டு எழுத்துகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

'ந.க.' என்றிருந்தால் விஷயம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்று பொருள். 'ஓ.மு.' என்பது ஓராண்டு முடிவு. அக்கோப்பு ஓராண்டுக்குப் பின் அழிக்கப்படலாம். 'மூ.மு.' மூன்றாண்டு முடிவு, 'ப.மு.' பத்தாண்டு முடிவு. 'நி.மு.' என்பதோ நிரந்தர முடிவு. அதை எக்காலத்தும் அழிக்கலாகாது. பழைய காகிதங்களில் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று காணப்படுவன முறையே இவைதாம். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறையோடு சென்னை மாகாணத்தில் வேரூன்றிய ஏற்பாடு இது. மாகாணம் போய் மாநிலம் வந்த பின்னரும், ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக மாறினவேயன்றி, ஏற்பாடு மாறவில்லை.

ஒரு கோப்புக்கு இந்நான்கில் எந்த ஆயுளை அளிப்பது என்று முடிவு செய்யப்படுவது, அவ்விஷயம் முடிந்த அன்றைக்கே. பிரிவு எழுத்தர் குறிப்பெழுத, மேலதிகாரி ஒப்பமிடுகிறார். அன்றைய தினம் அவ்விருவருக்கும் அது ஒரு சாதாரணமான மனு. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே மனுவின்மீது ஒரு குடும்பத்தின் நிலமோ வீட்டுமனையோ தொங்கி நிற்கும் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? எழுத்தர்கள்மீது குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. காகிதத்தின் ஆயுளை நிர்ணயிக்கும் அவ்விடத்தில், அக்காகிதத்தால் வாழ்வோ தாழ்வோ அடையப்போகிறவர் இருப்பதில்லை என்பதே நாம் சுட்டிக்காட்ட விரும்புவது. ஆகவே நம் அங்கத்தினர்கள் இந்த ஏற்பாட்டை ஓரளவேனும் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

முடிந்த கோப்பு பதிவறைக்குச் செல்கிறது. அங்கே ஆண்டுவாரியாகவும் எண் வரிசையாகவும் அடுக்கி, துணியில் சுற்றிக் கட்டாகக் கட்டி வைக்கிறார்கள். ஒரு கோப்பை யாரேனும் வெளியே எடுத்தால், அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்கப்பட வேண்டும். எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதியில் போயிற்று என்பதை அச்சீட்டு சொல்லும். கோப்புத் திரும்பி வந்ததும் சீட்டை எடுத்துவிடுவார்கள். இந்தச் சிறு சீட்டு ஒழுங்காக வைக்கப்படும் பதிவறையில் காகிதம் தொலைவது அபூர்வம். சீட்டு வைக்காமல் எடுத்த கோப்போ, உயிரோடிருந்தும் இறந்ததற்குச் சமானம். 'காணப்படவில்லை' என்று அலுவலகங்கள் பதிலெழுதும் பல சந்தர்ப்பங்களில், கோப்பு அழிந்ததா, அல்லது வேறொரு கட்டுக்குள் மாறிப் புகுந்துகொண்டதா என்பதை அறியவே வழியிராது.

அழிப்பது என்றவுடன் அது ஒரு தீங்கு என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முயலும் அலுவலகம் எதையும் காப்பாற்றாது. விடுமுறை விண்ணப்பமும், நினைவூட்டுக் கடிதமும், நிலவரிப் பதிவேடும் ஒரே மூலையில் மலைபோல் குவிந்தால், கறையானுக்கும் எலிக்கும் விருந்தாகுமேயன்றி மனிதருக்குப் பயன்படாது. நமது சேலம், நாமக்கல் சமவெளியில் கடற்கரைப் பட்டணங்களைப் போன்ற ஈரக்காற்று இல்லை. காகிதத்துக்கு இது நல்ல சீமையே. கறையான் மட்டும் இங்கே பெருஞ்சத்துரு. சுவரை ஒட்டி நிறுத்திய அலமாரியில் அது ஏறிவிட்டால், மேல் அட்டை முழுமையாக இருக்க, உள்ளே வெறும் மண்கூடுதான் மிஞ்சும். வேண்டாததை உரிய காலத்தில் கழித்தால்தான் வேண்டியதைச் சுவரினின்று தள்ளி வைக்க இடம் கிடைக்கும்.

கழிப்பதிலும் ஒரு முறை உண்டு. முறை தவறினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கதை. அந்நாட்டுக் கஜானாவில் பல நூற்றாண்டுகள் வரவு செலவுக் கணக்கை மரக்குச்சிகளில் வெட்டுக் குறியிட்டு வைத்திருந்தார்கள். குச்சியை நெடுக்காகப் பிளந்து, கொடுத்தவர் கையில் ஒரு பாதியும் வாங்கியவர் கையில் மறு பாதியும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மோசடிக்கு இடமில்லை. 1826இல் இந்த வழக்கம் ஒழிந்தது. குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபரில் பார்லிமெண்டுக் கட்டடத்தின் அடுப்புகளிலேயே போட்டு எரித்தார்கள். அடுப்பின் உஷ்ணம் கட்டுக்கடங்காமல் போய், பிரபுக்கள் சபை, பொதுமக்கள் சபை ஆகிய இரண்டும் வெந்து சாம்பலாயின. பழங்கணக்கை ஒழிக்கப் போய்ச் சட்டசபையையே ஒழித்த கதை இது! நம் நாட்டில் 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்துக் கலச மஹாலில் மூண்ட தீ வேறு வகையானது. அங்கே எவரும் கோப்புகளைக் கழிக்கவில்லை. பழமையான அம்மாளிகையில் இருந்த சர்க்கார் அலுவலகங்களின் காகிதங்கள் தீக்கிரையாயின. தீயணைக்கச் சென்றவர் ஒருவர் உயிரிழந்தார். நி.மு. என்று எழுதிவிடுவதால் மட்டும் ஒரு கோப்பு நிரந்தரமாகிவிடாது என்பதை அது காட்டிற்று.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகாலும் கும்பினியார் வசமாயின. காப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். மன்றோ, மக்லியோடு, கிரஹாம் என்போர் அவருடைய உதவியாளர்கள். அடுத்த சில ஆண்டுகளில் நிலங்களை வயல் வயலாக அளந்து, குடியானவனோடு நேரில் வரி பேசும் முறையை அவர்கள் இங்கே வகுத்தார்கள். ரயத்துவாரி என்று பின்னர் மாகாணமெங்கும் பரவிய முறைக்கு நம் மண்ணே தொட்டில். அந்த மன்றோதான் பிற்பாடு 1820இல் சென்னை கவர்னரானவர். அவர்கள் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டுகளில் கிடந்தன. 1907 முதல் அவை, குடிகள், விளைபொருள்கள், வரிகள் எனப் பகுதி பகுதியாக, 'பாரமகால் ரிகார்டுகள்' என்ற தலைப்பில் சென்னை சர்க்கார் அச்சகத்தில் அச்சேறின.

தறிக்கும் வரி விதித்த காலம் அது. நம் முன்னோர் எதை விதைத்தார்கள், எதற்கு எவ்வளவு கட்டினார்கள் என்பவற்றை இன்று நாம் அறிய முடிகிறதென்றால், அக்கட்டுகளைக் 'காலம் கடந்த கணக்கு' என்று எவரும் எடைக்குப் போடாததே காரணம். லெ பானு 1883இல் வெளியிட்ட சேலம் ஜில்லா மானுவலும், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட கெசட்டியரும் இத்தகைய பழங்காகிதங்கள் இல்லாமல் எழுதப்பட்டிருக்க முடியாது. மாகாணத்தின் பழைய ரிகார்டுகளுக்கென்று சென்னை எழும்பூரில் 1909 முதல் நிற்கும் கட்டடம் இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று வழங்குகிறது. அங்கத்தினர்கள் சென்னை செல்ல நேரும்போது அதை வெளியிலிருந்தேனும் ஒருமுறை பார்த்து வருதல் நன்று.

கலெக்டர் கச்சேரிக் காகிதத்துக்கு இவ்வளவு பாதுகாப்புக் கிடைத்தது. கிராமக் கணக்குக்கோ இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. நெடுங்காலம் அடங்கலும் சிட்டாவும் கர்ணத்தின் வீட்டில்தான் இருந்தன. தந்தைக்குப் பின் மகன் என்று வேலை தொடர்ந்ததால், திண்ணையை அடுத்த அறையே கிராமத்தின் பதிவறையாக விளங்கிற்று. 1980 நவம்பர் 14ஆம் தேதி அவசரச் சட்டம் ஒன்றினால் தமிழ்நாட்டில் கர்ணம், மணியகாரர் முதலிய பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. பின்னர் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பரம்பரை உத்தியோகம் ஒழிந்தது நியாயமே. அதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்த கட்டுகள் கைமாற வேண்டிய நேரமாக அது அமைந்தது. எந்தக் கைமாற்றத்திலும் பட்டியலிட்டுக் கொடுத்து, பட்டியலிட்டு வாங்கினாலன்றிக் காகிதம் தேய்வது திண்ணம்.

இதே ஆண்டுகளில்தான் மற்றொரு பெரிய காரியமும் நடந்துகொண்டிருந்தது. நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நிலப்பதிவேடுகள் புதுப்பித்து எழுதப்பட்டன. ஏக்கரும் சென்டும் போய், ஹெக்டேரும் ஏர்ஸும் வந்தன. இரண்டு ஏக்கர் ஐம்பது சென்டு என்றிருந்தது சுமார் ஒரு ஹெக்டேர் ஒரு ஏர்ஸ் என்றாயிற்று. கூட்டுப் பட்டாக்கள் பிரிந்தன. உட்பிரிவு எண்கள் பிறந்தன. இலட்சக்கணக்கான பதிவுகளைக் கையால் பெயர்த்தெழுதியபோது சில இடங்களில் தகப்பனார் பெயர் மாறியது. சில இடங்களில் ஒருவர் நிலம் அடுத்தவர் பேரில் ஏறியது. அனுபவத்தில் உள்ளவரின் பெயர் விட்டும் போயிற்று. பிழைகள் அக்காலத்தில் பலருக்குத் தெரியவில்லை. நிலத்தை உழுதுகொண்டிருப்பவருக்குப் பதிவேட்டைப் பார்க்க என்ன அவசரம்? மகளுக்குச் சீதனமாக எழுதும்போதோ, நம் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்கும்போதோதான் விஷயம் வெளிப்படுகிறது. இராசிபுரத்துப் பக்கத்து மரவள்ளிக் காடாயினும் மோகனூர்ப் பக்கத்துக் கரும்பு வயலாயினும், கடன் மனுவோடு சிட்டாவும் அடங்கலும் வந்தாக வேண்டும் அல்லவா?

அவ்வாறு பிழை கண்டவர் திருத்தம் கோரி மனுச் செய்தால், திட்டத்துக்கு முந்திய நிலை என்ன என்று அதிகாரி கேட்பார், கேட்பதே முறை. அதற்குச் சாட்சி பழைய செட்டில்மெண்டுப் பதிவேடும், முந்திய 'அ' பதிவேடும், அந்நாளைய பட்டா மாறுதல் கோப்புமேயாம். அவை தாலுகாப் பதிவறையில் நல்ல நிலையில் இருந்தால் மனு சில மாதங்களில் முடியும். கறையான் தின்றிருந்தாலோ, மனுதாரர் சிவில் கோர்ட்டுப் படியேற வேண்டியதுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கிரயப் பத்திரத்தின் நகல் கிடைக்கலாம். ஆனால் பதிவு செய்த பத்திரம் இல்லாத பூர்வீகச் சொத்துக்கு வருவாய்க் கணக்கைத் தவிர வேறு கதியில்லை.

இக்காலத்தில் பட்டாவும் சிட்டாவும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. வீட்டிலிருந்தபடியே நகல் எடுத்துக்கொள்ளலாம். இது மெய்யாகவே பெரிய வசதி, நாம் மகிழ்கிறோம். ஆனால் 'எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, பழைய குப்பை எதற்கு?' என்ற பேச்சு அங்கங்கே கேட்கிறது. இதை நாம் சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் ஏறியது, முந்திய பதிவேட்டில் இருந்ததன் பிரதியே. முந்தியதில் பிழையிருந்தால் பிழையும் சேர்ந்தே ஏறியிருக்கும். பிழையைக் காட்டிக்கொடுக்கக் கூடிய ஒரே சாட்சி அந்தப் பழுப்பேறிய காகிதந்தான். பிரதி எடுத்தாயிற்று என்று அசலைக் கழிப்பது, பாவு தறியில் ஏறுமுன்னரே கணக்குச் சீட்டைக் கிழித்துப் போடுவதற்கு ஒப்பாகும்.

பழைய கணக்கைத் தேடிப் போகும் அங்கத்தினர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். கிராமக் கணக்குகள் ஆங்கில ஆண்டால் அன்றிப் பசலியால் வழங்குவன. பசலி ஜூலை முதல் தேதியில் பிறக்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு ஆங்கில ஆண்டில் 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள தேதிக்கு 591ஐயும் கழிக்க வேண்டும். 1979 ஆகஸ்டு என்பது பசலி 1389. கிராமத்தின் பெயர், பசலி, பழைய சர்வே எண் ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்டால் பதிவறைக்காரர் நேராகக் கட்டுக்குச் செல்வார். 'என் பாட்டனார் காலத்துக் காகிதம்' என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதும் யோசிக்க வேண்டியதே. நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி முதல் தேதிதான் சேலத்திலிருந்து பிரிந்து இயங்கத் தொடங்கிற்று. ஆகவே அதற்கு முந்திய கலெக்டர் உத்தரவு சேலத்தின் பேரால் பிறந்தது. நாமக்கல் தாலுகா 1910இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சேலத்துக்கு வந்தது என்பதையும் நினைவிற்கொள்க. எல்லைகள் மாறும்போது காகிதங்கள் எல்லாம் உடன் புறப்பட்டுப் போவதில்லை.

நெசவாளர் அன்பர்களுக்கு இதில் சம்பந்தம் குறைவு என்று எண்ண வேண்டா. நிலமில்லாதவருக்கும் காகிதம் உண்டு. அம்மாபேட்டையிலும் குகையிலும் இளம்பிள்ளையிலும் தறிக்குழியுள்ள சிறு வீட்டுக்கு, வீட்டு வரிப் பதிவேட்டில் உள்ள பெயரே பலருக்குப் பெருஞ்சான்று. சேலம் நகரசபை 1866இல் ஏற்பட்டது, 1994இல் மாநகராட்சியாயிற்று. கிராமப் பகுதிகளில் இப்பதிவேடு ஊராட்சியிடம் இருக்கிறது. ஊராட்சியின் காகிதங்கள்தாம் எல்லாவற்றிலும் எளிதில் சிதறுவன என்பது நம் கருத்து. தலைவர் மாறுகிறார், செயலர் மாறுகிறார், கட்டடம் மாறுகிறது. 2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். இத்தகைய இடைவெளிகளில் தீர்மானப் புத்தகத்தையும் வரிக் கேட்புப் பதிவேட்டையும் யார் யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதற்கு எழுத்துமூலமான பட்டியல் இருக்கிறதா என்று நம் அங்கத்தினர்கள் கிராம சபைக் கூட்டத்தில் கேட்கலாம். கேட்பது எவரையும் சந்தேகிப்பதாகாது.

பிறப்புப் பதிவேட்டையும் இங்கே சொல்ல வேண்டும். முதியோர் உதவி கோரும் நெசவாளி தம் வயதை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. பழைய பதிவேடுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இராது. தகப்பனார் பெயரும், ஆண் அல்லது பெண் என்ற குறிப்பும், தேதியும் மட்டுமே இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் பெயர் சேர்க்க 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடந்தருகிறது. அந்த ஏடு செல்லரித்துப் போயிருந்தால், உயிரோடு எதிரில் நிற்கும் மனிதரே தாம் பிறந்ததை நிரூபிக்க அலைய நேரிடும். இந்த வேடிக்கையை என்னென்பது!

அழிப்பதற்குச் சட்டம் உண்டா என்று சிலர் கேட்கக் கூடும். 1917ஆம் ஆண்டின் ரிகார்டுகள் அழிப்புச் சட்டம் கோர்ட்டுகளுக்கும் வருவாய் அதிகாரிகளுக்கும் இதற்கென விதிகள் செய்யும் அதிகாரத்தை அளித்தது. விதிப்படி, ஆயுள் முடிந்த கோப்புகளுக்குப் பட்டியல் தயாரித்து, அதிகாரியின் ஒப்புதல் பெற்ற பின்னரே அழிக்கலாம். கோப்பு எரிந்து போகலாம். அதன் எண்ணைத் தாங்கிய பட்டியல் இருந்தாக வேண்டும். எனவே 'கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தால் அங்கத்தினர் மனம் சோர்ந்து திரும்ப வேண்டுவதில்லை. எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி, எந்த முடிவு வகையாகக் கருதி அழித்தார்கள் என்பதைக் கேட்டு, அழிப்புப் பட்டியலின் உரிய பக்கத்துக்கு நகல் கோரலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் ரிகார்டுகளை அட்டவணையிட்டு வைக்க வேண்டுமென்று நான்காம் பிரிவிலேயே கூறுகிறது. கோப்பை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. பத்து ரூபாய்க் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டிய மனுவொன்று போதும். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அழிப்புப் பட்டியலும் இல்லை என்று வருமானால், அக்கோப்பு அழிக்கப்பட்டது என்பதற்கே ஆதாரமில்லை. மீண்டும் தேடும்படி மேல்முறையீட்டில் வற்புறுத்தலாம்.

முடிவு எழுத்துகளைப் பற்றியும் ஒன்று சொல்வோம். நிலம், மனை, வாரிசு ஆகியவை பற்றிய உத்தரவொன்றில் 'ஓ.மு.' என்றோ 'மூ.மு.' என்றோ கண்டால், அது கைக்கு வந்த மாதத்திலேயே, சான்றிட்ட நகல் ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பு உயிரோடிருக்கும்போது நகல் பெறுவது சுலபம். இந்த ஆயுளை நீட்டுமாறு அலுவலகத்துக்கு எழுதுவதிலும் தவறில்லை; நிலம் சம்பந்தமான உத்தரவுக்கு மூன்றாண்டு ஆயுள் குறைவு என்பதே நம் அபிப்பிராயம்.

ஊர் அலுவலகங்களை இவ்வளவு கேட்கும் நாம் நம் சங்க அலுவலகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். அவ்வாண்டு ஜனவரி 31ஆம் தேதி நிலுவையில் இருந்த கடனே கணக்கு. அந்நிலுவையைக் காட்டியது எது? சங்கங்களின் பேரேடே. நெசவாளர் சங்கங்களில் நூல் இருப்புப் பதிவேடும் கூலிப் பதிவேடும் அதே தரத்தவை. ஒரு நெசவாளி இத்தனை ஆண்டு சங்கத்துக்குத் தறி ஓட்டினார் என்பதை அவர் கையில் உள்ள பாஸ் புத்தகம் தொலைந்தாலும் கூலிப் பதிவேடு சொல்லும். தணிக்கை முடிந்ததும் அவற்றைப் படிக்கட்டின் கீழே தள்ளிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு.

அங்கத்தினர் பதிவேடு, பங்குப் பேரேடு, தீர்மானப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஓர் இரும்பு அலமாரியில், சுவரினின்று ஒரு முழம் தள்ளி, தரையினின்று உயர்த்தி வைக்கலாம். துணிக்கட்டுக்குள் வசம்புத் துண்டு இடுவது நம் பாட்டிமார் ஏட்டுச் சுவடிக்குச் செய்தது, இன்றும் கெடுதலில்லை. அலமாரிக் கதவின் உட்புறத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒட்டிவிட்டு, காரியதரிசி மாறும்போதெல்லாம் பழையவரும் புதியவரும் அதில் கையெழுத்திட்டுத் தேதி போடுவது ஒரு மணி நேர வேலை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதை ஒரு பொருளாகச் சேர்க்கலாம்.